புதுப்பிப்பு: ரீபோர் முடிந்து ரைஃபிள் கைக்கு வந்தது

பழைய .30-06 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளின் குழல் உள்ளே துருப்பிடித்துக் குழிவிழுந்து கிடக்கிறது, குழலை மாற்றுவதா, ரீபோர் செய்வதா (அதே குழலின் துளையைப் பெரிதாக்கிப் புதிதாக வரி வெட்டுவதா) என்று முன்பு கேட்டிருந்தேன். ரீபோர்தான் செய்தேன், .35 வீலன் என்ற தோட்டாவுக்கு.

இந்தத் தோட்டா .30-06 உறையின் கழுத்தை விரித்துச் செய்தது. அடிப்பாகம் ஒன்றேதான் என்பதால் போல்ட், மேகசின் எதையும் தொடவேண்டியதில்லை. குண்டின் விட்டம் மட்டும் .308-லிருந்து .358 அங்குலமாகிறது. அந்த வித்தியாசத்திலேயே துருக்குழிகள் மொத்தமும் சீவப்பட்டுப் போய்விட்டன. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ரைஃப்ளிங் வரிகள் (குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகள்) தோட்டா இருக்கும் அறையிலிருந்து வாய்வரை கூர்மையாக, பளிச்சென்று ஓடுகின்றன. குழலின் வெளிப்புறம், பழைய முத்திரைகள், இரும்புக் குறிமுள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

250 கிரெய்ன் (சுமார் 16 கிராம்) எடையுள்ள கனமான குண்டு சுட விருப்பம், அதற்கு வேகமான சுழற்சி தேவை என்பதால் வரிகளை 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுக்குப் பதில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று வெட்டச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புதிய கேலிபரை, அதாவது எந்தத் தோட்டாவுக்கான குழல் என்பதை, குழல்மேல் கட்டாயம் பொறிக்க வேண்டும். .30-06 தோட்டா இந்த அறைக்குள் நுழைந்துவிடும். யாராவது தெரியாமல் சுட்டால் ஆபத்து. உரிமத்தில் கேலிபர் குறிப்பிடப்படும் நாடுகளில் அதையும் வேலைக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

அப்புறம், ரீபோர் செய்து 7 மி.மீ. ஆக்கலாமா என்று கேட்டிருந்தவருக்கு: முடியாது, அது .308 அங்குலத்தைவிடச் சிறியது. துளை பெரிதாகத்தான் ஆகும். சிறிதாக்க வேண்டுமென்றால் உள்ளே லைனர் (மெல்லிய உட்குழாய்), இல்லையென்றால் புதுக் குழல்.