கம்பெனி கைமாறிய நாளில் எங்கள் வீட்டில் நடந்த ரெஸ்லிங்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் விற்பனைச் செய்தி வந்தபோது உங்கள் வீட்டில் என்ன நடந்தது? எங்கள் கதையை முதலில் சொல்கிறேன்.

2023 ஏப்ரல் 3, திங்கட்கிழமை விடியற்காலை. அமெரிக்காவில் ஞாயிறு ராத்திரி நடக்கும் ரெஸ்லிமேனியா, அதாவது அந்தக் கம்பெனியின் வருஷாந்திரப் பெரிய நிகழ்ச்சி, நமக்கு நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு கடுமையாக இருந்த காலம் அது. மாமா முதல் நாளே இன்வெர்ட்டரைச் சார்ஜ் போட்டு, டிவிக்கும் ரவுட்டருக்கும் மட்டும் வயர் இழுத்து வைத்திருந்தார். மல்யுத்த வீரர் கோடி ரோட்ஸ் ஜெயித்துவிடுவார் என்று நம்பி உட்கார்ந்திருந்தோம். சாம்பியன் ரோமன் ரெயின்ஸிடம் தோற்றுப்போனார். மாமா ஒன்றும் பேசாமல் எழுந்து தேநீர் போடப் போய்விட்டார்.

அன்றைக்கே அடுத்த செய்தியும் வந்தது. எண்டெவர் கம்பெனி டபிள்யூ.டபிள்யூ.இ.யை வாங்குகிறது, தன்னிடம் இருக்கும் கூண்டுச் சண்டைக் கம்பெனி யுஎஃப்சியோடு சேர்த்து ஒரே நிறுவனம் ஆக்கப்போகிறார்கள், 51 சதவீதம் அவர்கள் கையில். டபிள்யூ.டபிள்யூ.இ.யின் மதிப்பு மட்டும் 930 கோடி டாலர். என் சித்தப்பா மகனுக்கு ஒரே சந்தோஷம், இனிமேல் எல்லாமே பெரிசா நடக்கும் என்று குதித்தான். மாமா அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஆபீஸ்ல வேலை செய்றவங்க என்னப்பா ஆவாங்க?"

மாமா 22 வருஷம் துணி ஃபேக்டரியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். அது கைமாறிய மூன்றாம் மாதம் அவருடைய லைன் முழுக்க வீட்டுக்கு அனுப்பப்பட்டது. அதனால்தான் அந்தக் கேள்வி. அவர் பயந்தபடியேதான் நடந்தது. செப்டம்பர் 12-ஆம் தேதி இணைப்பு முடிந்தது. அந்த வாரமே 100-க்கும் மேற்பட்ட அலுவலக ஊழியர்களை நீக்கினார்கள், மாதம் முடிவதற்குள் மல்யுத்த வீரர்களிலும் பலர் போனார்கள். நான் மாமா பக்கம்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அண்ணா, மாமா சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பழைய முதலாளி காலத்தை நாம் ரொம்பத்தான் கொண்டாடுகிறோம். மூன்று தலைமுறைக் குடும்பத் தொழில், சரி. அந்த முதலாளி வின்ஸ் மெக்மேன் புகார்களுக்கு நடுவே 2022 ஜூலையில் ஒதுங்கினார். 2023 ஜனவரியில் திரும்பி வந்ததே விற்பனையைப் பேசத்தான். வெளியார் வந்து பிடுங்கிக்கொள்ளவில்லை, வீட்டுக்காரரே விற்றார்.

ஆட்டம் நன்றாக ஆனதற்குப் புது முதலாளியைப் பாராட்டுகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று முன்கூட்டியே எழுதும் கதையின் பொறுப்பு முன்னாள் வீரர் டிரிபிள் எச் கைக்கு வந்தது 2022-லேயே. கம்பெனி கைமாறுவதற்கு ஒரு வருஷம் முன்னால்!

என் அக்கா மகளுக்கு 11 வயது. அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. 2024-இல் கோடி ஜெயித்த காலையில் ஸ்கூல் யூனிஃபார்மில் டிவி முன்னால் நின்று அழுதாள். அந்த அழுகையை நான் எந்தக் கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

ஃபீனிக்ஸ், டர்பன்

நான் டபிள்யூ.டபிள்யூ.இ.யின் பழைய போட்டிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் ரசிகன். 2001 மார்ச் 26-ஆம் தேதி அதன் வாராந்திர டிவி நிகழ்ச்சியான நைட்ரோ கடைசியாக வந்தது. ஸ்டிங்கும் ரிக் ஃப்ளேரும் மோதினார்கள், அதோடு முடிந்தது. எங்களை வாங்கிப்போட்டவர் இதே மெக்மேன்தான். அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பையன்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து "உங்க ஆளுங்க காலி" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. என் சட்டையில் இருந்த ஸ்டிங் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன். அதனால் இப்போது வருத்தப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வலி எனக்குத் தெரியும்.

மறுபடியும் சாட்ஸ்வொர்த்

தம்பி சொன்ன அந்த 2024 காலையில் நாங்களும் பார்த்தோம். மாமா போர்வையைப் போர்த்திக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். கோடி ஜெயித்ததும் சட்டென்று எழுந்தார், மடியில் இருந்த ரஸ்க் தட்டு தரையில் கவிழ்ந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார்.

ஆனால் அந்த வருஷம் முழுக்க அவரை உறுத்தியது வேறு. ரிங்கின் நடுவே, வீரர்கள் விழுந்து புரளும் விரிப்பிலேயே ஒரு பானக் கம்பெனியின் பெயரைப் போட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் அந்த விரிப்பு பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். வியர்வை பட்ட இடம் மட்டும் கறுத்துத் தெரியும். யாராவது அதன்மேல் மல்லாந்து விழும்போதெல்லாம் மாமா என் தோளைத் தட்டுவார்: "பாரு, போஸ்டர் மேல படுத்துக் கிடக்கான்."