புதுப்பிப்பு: 56 வயதில் மில் வேலையை விடுவதா, மாற்றுவதா?

முன்பு இங்கே கேட்டிருந்தேன்: கோவையில் நூற்பாலையில் மேற்பார்வை வேலை, வயது 56, சர்க்கரைக்கு இன்சுலின், இரண்டு முழங்காலும் தேய்மானம். இரவு ஷிப்ட் முடியவில்லை, விட்டுவிடலாமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

விடவில்லை. அதே மில்லில் ஸ்டோருக்கு மாறிவிட்டேன். பகல் வேலை மட்டும், பெரும்பாலும் உட்கார்ந்தபடிதான். சம்பளம் குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் சாப்பாடும் ஊசியும் நேரத்துக்கு நடக்கின்றன. இரவு ஷிப்டில் அதுதான் நடக்கவே இல்லை.

முடிவை மாற்றியது பிஎஃப் கணக்கு. 58 வயதுக்கு முன் பென்ஷன் வாங்கினால், முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறைத்துத்தான் தருவார்கள், அதுவும் ஆயுள் முழுக்க. இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, இன்னும் முக்கியம். குறைந்தது 5 ஆண்டு காப்பீட்டில் இருந்துவிட்டு ஓய்வு வயதில் வெளியேறினால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி நானும் வீட்டுக்காரியும் சிகிச்சையைத் தொடரலாம். எங்கள் மருந்துச் செலவுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

செக்யூரிட்டி வேலை சொன்ன அண்ணனுக்கு: விசாரித்தேன். 12 மணி நேரம், பாதி நாள் நின்றுகொண்டே. இந்த முழங்காலுக்கு ஆகாது.

வேலை மாற்றத்தை மில்லில் எப்படிக் கேட்டீர்கள் என்றவர்களுக்கு: 'உடம்பு சரியில்லை' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். இரவுப் பணி கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது என்று டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்குங்கள். அப்புறம், எந்த இடத்துக்கு மாற்றலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். ஸ்டோரில் ஆள் குறைவு என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் மேலாளர் உடனே சரி என்றார்.