டிஎஸ்-160: பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் என்ன போடுவது? ஒரு படிவத்தைத் தப்பாக அனுப்பிவிட்டேன்

கேள்வி:

வணக்கம். அப்பா அம்மாவுக்கு அமெரிக்க விசிட்டர் விசா (பி1/பி2) போடுகிறேன், அதற்கான டிஎஸ்-160 என்ற இணைய விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். தம்பி அங்கே எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறான். மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வருவது திட்டம். நான்கு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

1. இருவர் பாஸ்போர்ட்டிலும் சர்நேம் காலி. அப்பாவுக்கு கிவன் நேமில் ஒரே சொல், உதாரணத்துக்குப் பழனிசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு லட்சுமி பழனிசாமி என்று இரண்டு சொற்களும் கிவன் நேமிலேயே இருக்கின்றன. படிவம் சர்நேமைக் காலியாக விடச் சம்மதிக்கவில்லை. அதனால் அப்பாவுக்கு இனிஷியலை விரித்து, தாத்தா பெயரைச் சர்நேமில் போட்டு அனுப்பியே விட்டேன். கட்டணம் கட்டி, அந்தப் படிவத்தின் எண்ணை வைத்து அப்பாயின்ட்மென்ட்டும் எடுத்தாயிற்று. கைரேகைக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. இப்போது திருத்த முடியுமா? கட்டணம் மறுபடி கட்ட வேண்டுமா?

2. அம்மாவின் போட்டோ ஏறவே மாட்டேன் என்கிறது. ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை போனில் படம் பிடித்துப் போட்டேன்.

3. பாதி நிரப்பும்போது பக்கம் காலாவதியாகி வெளியே தள்ளுகிறது. திரும்ப உள்ளே போக முயன்றால் விவரம் பொருந்தவில்லை என்கிறது.

4. அப்பா விவசாயம், அம்மா வீட்டில்தான். வேலைப் பக்கத்தில் என்ன தேர்ந்தெடுப்பது?

பதில் 1:

முதலில் பெயர். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

அமெரிக்கப் படிவத்தின் விதி இது: பாஸ்போர்ட்டில் ஒரு பகுதியில்தான் பெயர் இருக்கிறது என்றால், அந்தப் பெயர் முழுவதும் சர்நேம் கட்டத்துக்குப் போகும். கிவன் நேம் கட்டத்தில் எஃப், என், யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும். முதற்பெயர் தெரியாது என்பதற்கான குறியீடு அது. ஆகவே,

அப்பா: சர்நேம் பழனிசாமி, கிவன் நேம் எஃப்என்யூ.
அம்மா: சர்நேம் லட்சுமி பழனிசாமி, கிவன் நேம் எஃப்என்யூ.

அம்மா விஷயத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். இரண்டு சொல் இருக்கிறதே, லட்சுமியைக் கிவன் நேமிலும் பழனிசாமியைச் சர்நேமிலும் பிரித்துப் போட்டால் அழகாக இருக்குமே என்று கை போகும். கூடாது. பாஸ்போர்ட்டில் அரசு எப்படிப் பிரித்திருக்கிறதோ அதுதான் கணக்கு. அங்கே சர்நேம் வரி காலி என்றால், நாம் அதை நிரப்பக் கூடாது. இனிஷியலை விரிப்பதும் அப்படித்தான். தாத்தா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் என்ற வரியில் இருக்கும். அது அப்பாவின் சர்நேம் ஆகாது. விசா அந்தப் பெயரில் அச்சாகி வந்தால், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விசாவில் வேறு பெயர் என்று விமான நிலையத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்த கட்டம் தாய்மொழி எழுத்தில் முழுப் பெயர். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம், இல்லையென்றால் பொருந்தாது என்ற பெட்டியை டிக் செய்யலாம்.

அதற்கடுத்து, வேறு பெயர்கள் பயன்படுத்தியது உண்டா என்ற கேள்வி. அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் தகப்பனார் இனிஷியலும் பெயரும் இருந்து, பள்ளிச் சான்றிதழ் அந்தப் பெயரில் இருந்தால், ஆம் என்று சொல்லி அந்தப் பழைய பெயரைக் கொடுங்கள். அப்பாவின் பான் கார்டிலோ பத்திரத்திலோ இனிஷியல் விரித்த பெயர் இருந்தால் அதற்கும் இதுவே இடம். நீங்கள் சர்நேமில் போட்ட தாத்தா பெயர் இங்கேதான் வந்திருக்க வேண்டும்.

பதில் 2:

அனுப்பிய படிவத்தைத் திருத்த முடியாது. புதிதாக ஒன்று போட வேண்டும். ஆனால் பயப்பட வேண்டாம், டிஎஸ்-160 படிவத்துக்குக் கட்டணமே கிடையாது. நீங்கள் கட்டிய 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணம். அது அப்பாயின்ட்மென்ட் தளத்தில் உள்ள உங்கள் கணக்கோடு சேர்ந்தது. கட்டிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். புதுப் படிவம் போட்டதற்காக மறுபடி கட்ட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

படிவத்தை அனுப்பியதும் வந்த பழைய உறுதிப்பக்கத்தில் ஏஏ என்று தொடங்கும் எண் இருக்கும். படிவத் தளத்தில் பழைய விண்ணப்பத்தைத் திறக்கும் வழியில் போய் அந்த எண்ணைக் கொடுங்கள். அதிலிருந்த தகவல்களை வைத்தே புதிய படிவம் தொடங்கலாம், எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்ட வேண்டாம். ஆனாலும் ஒவ்வொரு பக்கமாக நின்று பாருங்கள். பெயரை மாற்றுங்கள். அனுப்புங்கள். புதிய ஏஏ எண் வரும்.

உடனே அப்பாயின்ட்மென்ட் தளத்துக்குப் போய் அப்பாவின் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணைப் போடுங்கள். இதை மறந்தால்தான் பெரிய சிக்கல். கையில் கொண்டுபோகும் உறுதிப்பக்கத்தில் ஒரு எண், தளத்தில் வேறு எண் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பி, வேறு நாள் எடுக்கச் சொல்லலாம். 12 நாள் இருக்கிறது என்று தள்ளிப்போட வேண்டாம், இன்றைக்கே முடியுங்கள். அதே தளத்தில் அப்பாவின் பெயரையும் பாருங்கள். அங்கேயும் தாத்தா பெயரைப் போட்டிருப்பீர்கள். பணம் கட்டிய பிறகு சில விவரங்கள் நாமே மாற்ற முடியாதபடி பூட்டிவிடும். அப்படி என்றால் அந்தத் தளத்தின் உதவிப் பக்கம் வழியாகப் பாஸ்போர்ட் முதல் பக்கத்தை இணைத்து எழுத வேண்டும். பதில் வர நாள் ஆகும். அதனாலும்தான் இன்றைக்கே என்கிறேன்.

நேர்காணலுக்குப் போகும்போது புதியது, பழையது இரண்டு உறுதிப்பக்கத்தையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பழையதில் பெயர் தவறு, புதியது சரி என்று அப்பா ஒரு வரியில் சொன்னால் போதும்.

பதில் 3:

போட்டோவுக்கு வருகிறேன். நம் ஊர் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் என்றால் 35-க்கு 45 மில்லிமீட்டர், நீளவாக்கில் வெட்டித் தருவார்கள். அமெரிக்காவுக்குச் சதுரம்: 51-க்கு 51 மில்லிமீட்டர், அதாவது 2 அங்குலத்துக்கு 2 அங்குலம். அச்சிட்ட படத்தை போனில் பிடித்தால் பளபளப்பும் நிழலும் சேர்ந்து இன்னும் கெடும்.

ஜன்னல் வெளிச்சம் முகத்தில் நேராக விழுகிற இடத்தில், வெள்ளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அம்மாவை உட்கார வைத்து, நீங்கள் ஆறடி தள்ளி நின்று எடுங்கள். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் தலைக்குப் பின்னால் நிழல் விழும். கண்ணாடி கழற்றியிருக்க வேண்டும். 2016 நவம்பரிலிருந்து கண்ணாடியோடு எடுத்த படம் செல்லாது. படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். முகத்தை வெளுப்பாக்கும் அழகு ஃபில்டரை அணைத்துவிடுங்கள். பல போன்களில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு சதுரமாக வெட்டுங்கள். உச்சந்தலையிலிருந்து தாடை வரை படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம் வர வேண்டும். அளவு குறைந்தது 600-க்கு 600 பிக்சல், அதிகபட்சம் 1200-க்கு 1200. ஜேபெக் கோப்பு, 240 கேபிக்குள். போன் கேமராவில் எடுத்த படம் சாதாரணமாக 3, 4 எம்பி வரும்; அதை அப்படியே போட்டால் ஏறாது. நடுவாக 900 பிக்சலுக்குச் சுருக்கிச் சேமித்தால் பெரும்பாலும் 240-க்குள் அடங்கிவிடும். கணினிக்கு அனுப்ப வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது தன் இஷ்டத்துக்கு அமுக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு எடுங்கள்.

எப்படியும் ஏறவில்லையென்றாலும் படிவத்தை அனுப்ப வழி உண்டு. உறுதிப்பக்கத்தில் படம் வர வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி இருக்கும். அப்போது 51 மில்லிமீட்டர் அச்சுப் படம் கையில் அவசியம்.

பதில் 4:

பக்கம் வெளியே தள்ளுவது: ஏறக்குறைய 20 நிமிடம் எதுவும் அழுத்தாமல் இருந்தால் படிவம் மூடிக்கொள்ளும். பாஸ்போர்ட்டைத் தேட எழுந்து போகிற நேரம்தான் அது. தேவையானதை முன்னாலேயே மேசையில் எடுத்து வைத்துவிடுங்கள்: பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட்கள், தம்பியின் அமெரிக்க முகவரி, போன் எண், மின்னஞ்சல், தாத்தா பாட்டியின் பெயரும் பிறந்த தேதியும், கடந்த ஐந்து ஆண்டில் போன நாடுகள், கடந்த ஐந்து ஆண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குப் பெயர்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் சேமிக்கும் பொத்தான் இருக்கிறது, அழுத்தப் பழகுங்கள். பாதிப் படிவம் தளத்தில் 30 நாள்தான் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கோப்பாகக் கணினியில் சேமிக்கும் வசதியும் உண்டு.

திரும்ப உள்ளே போக நான்கு விஷயம் கேட்கும்: ஏஏ எண், சர்நேமின் முதல் ஐந்து ஆங்கில எழுத்து, பிறந்த ஆண்டு, தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த ரகசியக் கேள்வியின் பதில். உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் அநேகமாக அந்த ஐந்து எழுத்துதான். நீங்கள் அப்பாவுக்குத் தாத்தா பெயரைச் சர்நேமாகப் போட்டிருப்பதால், பழைய படிவத்தைத் திறக்கத் தாத்தா பெயரின் முதல் ஐந்து எழுத்தைத்தான் கொடுக்க வேண்டும். புதியதைத் திறக்கும்போது பழனிசாமியின் முதல் ஐந்து.

வேலை விஷயம் எளிது. அப்பாவுக்கு விவசாயம் என்றே பட்டியலில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் கேட்கும் இடத்தில் சொந்த விவசாயம் என்று ஆங்கிலத்தில் எழுதி, தோட்டத்து முகவரி கொடுங்கள். மாத வருமானத்தை ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து ரூபாயில் போடலாம். செய்யும் வேலை என்ற பெட்டியில் எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று இரண்டு வரி உண்மையாக எழுதினால், அதிகாரி கேட்கும்போது அப்பா தயங்காமல் பதில் சொல்வார். அம்மாவுக்கு இல்லத்தரசி என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது.

பதில் 1, மறுபடியும்:

விட்டுப்போன சில இடங்கள், இவற்றில்தான் நல்லெண்ணத்தோடு தப்பு நடக்கிறது.

பாஸ்போர்ட் புக் நம்பர் என்று ஒரு கட்டம் வரும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது கிடையாது, பொருந்தாது என்று டிக் செய்யுங்கள். கடைசிப் பக்கத்து ஃபைல் எண்ணை அங்கே எழுதாதீர்கள்.

குலம் அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரா என்று ஒரு கேள்வி. சாதிப் பெயர் எழுதும் இடம் அல்ல அது.

நெருங்கிய உறவினர் அமெரிக்காவில் உண்டா என்பதற்கு ஆம். மகன் என்று சொல்லி, எச்-1பி என்பதால் குடியேறாதவர் என்ற நிலையைத் தேர்ந்தெடுங்கள். மகன் இருப்பதைச் சொன்னால் விசா மறுப்பார்கள் என்று மறைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். தங்கும் முகவரியே அவன் வீடு என்று இன்னொரு பக்கத்தில் எழுதப்போகிறீர்கள். பொய்த் தகவல் என்று பதிவானால் அது பிறகும் துரத்தும்.

பயணத் திட்டம் உறுதியா என்பதற்கு இல்லை என்று போட்டு, உத்தேச தேதியும் மூன்று மாதம் என்பதையும் கொடுங்கள். டிக்கெட் இப்போது எடுக்க வேண்டாம். செலவு யார் செய்கிறார்கள் என்பதில் தம்பி என்றால் தம்பியின் விவரம். அப்பாவே செய்தால் அப்பா. இரண்டு படிவத்திலும் இது ஒத்துப்போக வேண்டும். உடன் பயணிப்பவராக ஒருவர் படிவத்தில் மற்றவர் பெயர் வர வேண்டும்.

கடைசியில், நிரப்ப யாராவது உதவினார்களா என்று கேட்கும். நீங்கள் தட்டுவதால் ஆம் என்று சொல்லி உங்கள் பெயரையும் உறவையும் கொடுங்கள். ஆனால் கையொப்பமிட்டு அனுப்பும் பொத்தானை அப்பா, அம்மா தாங்களே அழுத்த வேண்டும். அதற்கு முன்னால் பதில்களை ஒருமுறை தமிழில் படித்துக் காட்டுங்கள். நேர்காணலில் உட்காரப்போவது அவர்கள்தான்.

கேட்டவர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பழைய படிவம் தாத்தா பெயரின் ஐந்து எழுத்தில் திறந்துவிட்டது. அப்பாவுக்குப் புதிய எண் வந்து, அப்பாயின்ட்மென்ட் தளத்தில் மாற்றிவிட்டேன். பெயர் பூட்டியிருக்கிறது, உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அம்மா படம் 900 பிக்சல், 180 கேபி, உடனே ஏறியது. ஒரே ஒரு சந்தேகம். விசாவில் எஃப்என்யூ என்று அச்சாகி வந்தால் டிக்கெட்டில் என்ன போடுவது? துபாயில் இரண்டு நாள் இறங்கிப் பார்க்கலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது.

பதில் 2:

டிக்கெட்டில் சர்நேம் கட்டத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் முழுவதும். முதற்பெயர் கட்டத்தில் எஃப்என்யூ போடுவதா, அதே பெயரைத் திரும்பப் போடுவதா என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன் அவர்களிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

துபாய் வழியாக விமானம் மாறுவது மட்டும் என்றால் வேறு. வெளியே இறங்குவதென்றால் அப்பாவுக்குக் கவனம் வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே சொல் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. தகப்பனார் பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் ஏற்கிறார்கள். அப்பாவின் பாஸ்போர்ட்டைத் திருப்பி அந்த வரியில் தாத்தா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் துபாய் இறக்கத்தை விட்டுவிடுங்கள்.