மூன்றாண்டு கூட நிலைக்காத மைனர் த்ரெட் இன்றும் பேசப்படுவது ஏன்?

தாளப்பித்தன் கேட்டது:
வாஷிங்டன் நகரில் 1980 டிசம்பரில் முதன்முதலாக மேடையேறி, 1983 செப்டம்பரில் கடைசியாக வாசித்துக் கலைந்துபோன மைனர் த்ரெட் என்ற பங்க் ராக் இசைக்குழுவின் முழுத் தொகுப்பையும் ஒரே இருப்பில் கேட்டு முடித்தேன். 26 பாடல்கள், ஏறத்தாழ 47 நிமிடங்கள். ஒரு பல்லவியை விரித்துப் பாடும் நேரத்துக்குள் இவர்களுடைய படைப்புகள் அனைத்தும் தீர்ந்துவிடுகின்றன. வேகமும் சினமும் பிடித்திருந்தன. ஆனால், அதே ஊரின் பேட் பிரெயின்ஸ் குழுவினர் இவர்களுக்கு முன்பே இதைவிட வேகமாகவும் தேர்ச்சியோடும் வாசித்திருக்க, ஹார்ட்கோர் பங்க் (பங்க் ராக் இசையின் இன்னும் வேகமான, முரட்டு வடிவம்) என்றதும் பலரும் இவர்களையே முதலில் குறிப்பிடுவது ஏன்?

பழைய இசைத்தட்டு:
வாசிப்புத் திறனை மட்டும் வைத்துப் பார்த்தால் தங்கள் ஐயம் நியாயமானதே. பேட் பிரெயின்ஸ் குழுவைப் பார்த்துத்தான் இவர்களும் கற்றார்கள். இவர்களுடைய செல்வாக்குக்கு வேர், பாட்டைத் தட்டாக்கி விற்ற முறையில் இருக்கிறது என்பது என் கருத்து.

பாடகர் இயன் மெக்காயும் டிரம்ஸ் வாசித்த ஜெஃப் நெல்சனும் அதற்கு முன்பு டீன் ஐடில்ஸ் என்ற குழுவில் இருந்தார்கள். அது கலைந்தபோது, நிகழ்ச்சிகளில் கிடைத்துச் சேர்த்து வைத்திருந்த சுமார் 600 டாலரை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளாமல், அந்தப் பணத்தில் ஆயிரம் தட்டுகள் அச்சிட்டார்கள். டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. உறை செய்து வாங்கப் பணம் ஏது? அச்சடித்த தாளைக் கத்தரித்து, மடித்து, பசை தடவித் தாங்களே ஒட்டினார்கள். பெரிய நிறுவனத்தின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை என்பதைத் தம் வயதொத்த பிள்ளைகள் கண்ணால் கண்டதுதான் பெரிய செய்தி. மைனர் த்ரெட் முதன்முதலாக மேடையேறியபோது பேஸ் கிதார் வாசித்த பிரையன் பேக்கருக்கு வயது 15.

கறுப்பாடு:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ பாட்டை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. முக்கால் நிமிடமே ஓடும் அந்தப் பாட்டு, குடியும் போதையும் தனக்கு வேண்டாம் என்று ஓர் இளைஞன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. கேட்டவர்கள் அதை அதே பெயரில் ஓர் இயக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். குடிக்கும் வயது வராதவர்களை அடையாளம் காண்பதற்காக அரங்குகளில் கையில் போட்ட பெருக்கல் குறியை, வயது வந்த பின்பும் விரும்பியே வரைந்துகொள்ளும் வழக்கம் பல நாடுகளுக்குப் பரவியது.

இதில் குழுவுக்குள்ளேயே மனத்தாங்கல் இருந்தது. அதே கருத்தைச் சொல்லும் ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ பாட்டு பிறருக்கு இடும் கட்டளைபோல ஒலிக்கிறது என்று நெல்சன் வாதிட்டார். அதனால் 1983ஆம் ஆண்டுப் பதிவில், இது யாருக்கும் வகுத்த சட்டமன்று என்று மெக்காய் பாட்டின் நடுவே பேச்சாகவே விளக்குவதைக் கேட்கலாம். அப்படிச் சொல்லியும் பிற்காலத்தில் சிலர் அதைச் சட்டமாக்கி, குடிப்பவர்களோடு கைகலப்பு வரை போனார்கள். செல்வாக்கு என்றால் இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

தாளப்பித்தன்:
அந்த நடுப்பேச்சை ஒலிப்பதிவுக் கூடத்து அரட்டை என்று நினைத்துக் கடந்துவிட்டேன், மீண்டும் கேட்கிறேன். இவ்வளவு பெயர் எடுத்துக்கொண்டிருந்தபோது ஏன் கலைந்தார்கள்?

பழைய இசைத்தட்டு:
முதலில் 1981 இறுதியில், கிதார் வாசித்த லைல் பிரெஸ்லர் கல்லூரிக்குப் போனதால் ஒருமுறை நின்றது; மறு ஆண்டு மீண்டும் சேர்ந்தார்கள். இறுதிப் பிரிவுக்குக் காரணம், இசை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதில் எழுந்த கருத்து வேறுபாடு. கடைசி நிகழ்ச்சியில் இவர்களோடு மேடையேறியவர்களில் ட்ரபுள் ஃபங்க் என்ற கோ-கோ (வாஷிங்டனில் பிறந்த ஃபங்க் வகை நடன இசை) இசைக்குழுவும் உண்டு. ஹார்ட்கோர் ரசிகர்கள் தங்களுக்குள்ளேயே அடைந்து கிடக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

பின்னர் மெக்காய், 1987இல் முதன்முதலாக மேடையேறிய ஃபுகாசி குழுவைத் தொடங்கி, நுழைவுக் கட்டணத்தை ஐந்து டாலர் அளவிலேயே வைத்திருக்கப் பிடிவாதம் பிடித்தார். தாங்கள் கேட்ட தொகுப்பின் இறுதியில் வரும் ‘சாலட் டேஸ்’ தட்டு, குழு கலைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1985இல்தான் வெளிவந்தது. அதில் வேகம் தணிந்திருப்பதையும், பழைய நாட்களை நினைத்து ஏங்குவதையே பாட்டு சந்தேகிப்பதையும் கவனித்தபடி இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.