மனசைக் கேட்பது தாதி வேலையா, ஆலோசகர் வேலையா?

செந்தூல்_தாதி
ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே உருவாக்கிய கருவைக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்துகொண்ட பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை முடிவைப் போனில் சொல்வது கோலாலம்பூரில் பல இடங்களில் தாதிதான். "நெகட்டிவ்மா, மருந்தை நிறுத்திடுங்க, பீரியட் வந்ததும் கூப்பிடுங்க." அரை நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. மனசைக் கேட்பதும் தாதி வேலைதான்; ஊசி போடுவதற்கு எழுதிவைத்த நடைமுறை இருப்பதுபோல இந்தப் போனுக்கும் இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

கருவை வைக்கும் நாளிலேயே மூன்று கேள்வி கேட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்: முடிவை யாரிடம் சொல்ல, எத்தனை மணிக்கு, அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள். போன் போட்டதும் "இப்போ பேச முடியுமா, வண்டி ஓட்டுறீங்களா?" அடுத்த வாக்கியத்திலேயே முடிவு. சுற்றி வளைத்தால் அவர் குரலை வைத்தே ஊகித்துவிடுவார். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அழுகை அடங்கும் முன் சொல்லும் மருந்து விவரம் எதுவும் மனதில் நிற்காது. அதனால் கரு தங்கக் கொடுத்த புரோஜெஸ்டிரோன் மருந்தை நிறுத்துவது, சில நாளில் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தப்போக்கு வரலாம் என்பது, காய்ச்சலோ கடும் வலியோ வந்தால் உடனே அழைப்பது, இவற்றைச் சொன்ன கையோடு மெசேஜிலும் அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு போன், "சாப்பிட்டீங்களா, தூங்குறீங்களா" என்று கேட்க மட்டும்.

பங்சார்_ஊசி
போன் முறையில் எனக்குக் குறையில்லை அக்கா. மனநலத்தைத் தாதியின் கடமைப் பட்டியலில் ஏற்றுவதைத்தான் எதிர்க்கிறேன். ஊசி சொல்லிக்கொடுக்கவே நேரம் போதவில்லை. பேனா ஊசியை அழுத்தியதும் வெளியே இழுத்துவிடுவார்கள். பத்து வரை எண்ணிப் பிடிக்காவிட்டால் மருந்து தோல்மேல் சொட்டும், அளவு குறையும். தொப்புளைச் சுற்றி இடம் மாற்றிப் போடாமல் ஒரே இடத்தில் குத்திக் கன்றிப்போகும். இதைச் செய்துகாட்டி, அவர்கள் கையால் ஒருமுறை செய்யவைக்கவே 20 நிமிடம் வேண்டும்.

இதைவிடப் பெரிய பயம் வேறு. கருமுட்டை எடுத்த மூன்றாம் நாள் ஒரு பெண் "நெஞ்சு அடைக்குது, படபடப்பா இருக்கு" என்று அழைக்கிறார். மனசை மட்டும் பார்க்கப் பழகிய காது "பதற்றம்" என்று எழுதிவிடும். அது சூலகம் மிகையாகத் தூண்டப்பட்டு வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோத்ததாக இருக்கலாம். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறியதா, வயிறு உப்பியதா, சிறுநீர் குறைந்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

பட்டர்வொர்த்_ஆலோசனை
இரண்டு பேர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் இருவரும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை: "டென்ஷனை விடு, தானா தங்கும்" என்ற பேச்சு. மாமியார் சொன்னால் சகித்துக்கொள்ளலாம். வெள்ளை உடுப்பில் இருப்பவர் சொன்னால் அது தீர்ப்பாகிவிடும்.

2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பாய்வின் குழுவினர் 14 ஆய்வுகளை, 3,583 பெண்களின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு முன் இருந்த மன உளைச்சல் அந்தச் சுற்றில் கரு தங்குவதைக் குறைக்கவில்லை. இந்த ஒன்றைத் தாதி சொல்லிவிட்டாலே பாதி பாரம் இறங்கும். படுக்கை ஓய்வும் அப்படித்தான்; கருவை வைத்தபின் நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதால் வாய்ப்பு கூடுவதில்லை. ஆனால் நெகட்டிவ் வந்ததும் வீட்டில் கணக்கு ஆரம்பிக்கும்: "போன வாரம் பத்துமலையில 272 படி ஏறினியே, அதான்." இந்தப் பேச்சு கிளம்பும் முன்பே, கரு வைக்கும் நாளன்று, கூட வந்த மாமியாரையும் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, "நடக்கலாம், படியேறலாம், அதனால் எதுவும் நழுவாது" என்று தாதி உரக்கச் சொல்ல வேண்டும். இந்த வேலையை ஆலோசகரால் செய்ய முடியாது. மாமியார் ஆலோசகர் அறைக்குள் வரப்போவதில்லை.

கிள்ளான்_மருந்தாளர்
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கருமுட்டை முதிரப் போடும் எச்.சி.ஜி. ஊசி (கர்ப்ப டெஸ்ட் காட்டுவதும் இதே ஹார்மோனைத்தான்) உடலில் 10 முதல் 14 நாள் வரை தங்கலாம். அதற்குள் வீட்டில் டெஸ்ட் பார்த்து இரண்டு கோடு கண்டு, பிறகு அது மறைந்துபோனால் கரு கலைந்ததாகவே நினைப்பார்கள். மார்பக வலி, வயிறு உப்பல் எல்லாம் புரோஜெஸ்டிரோனாலும் வரும். லேசாக ரத்தம் பட்டதும் மருந்தை அவர்களாகவே நிறுத்துவதும் நடக்கிறது. ரத்தப் பரிசோதனை வரை நிறுத்தக்கூடாது என்று மருந்துப் பையிலேயே எழுதிக்கொடுங்கள்.

செந்தூல்_தாதி
பங்சார், நெஞ்சடைப்பு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் எடையும் சிறுநீரும் தூக்கமும் அழுகையும் ஒரே போனில் கேட்கப்பட வேண்டும் என்கிறேன். உடம்பை ஒருவர், மனசை இன்னொருவர் என்று பிரித்தால்தான் தவறு நடக்கும்.

கரு தங்கியபின் நிலை இன்னும் சிக்கல். பல வருடம் கேட்டுக் கிடைத்த குழந்தை. "அழ என்ன இருக்கு, கேட்டதுதானே கிடைச்சிருக்கு" என்பார்கள். அந்தப் பெண் வாயே திறக்க மாட்டார். அரசாங்க கிளினிக்கில் கர்ப்பிணிக்குத் தரும் பிங்க் புத்தகத்தில் ரத்த அழுத்தம், எடை, சிறுநீர் எல்லாம் ஒவ்வொரு வருகையிலும் பதிவாகிறது. மனச்சோர்வை அளக்கும் எடின்பரோ கேள்வித்தாளும் அப்படிப் பதிவாகட்டும். 10 கேள்வி, கடந்த 7 நாள் பற்றி, மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம். பத்தாவது கேள்வி தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறெது வந்தாலும், மொத்தம் 5 ஆக இருந்தாலும், அன்றே.

பங்சார்_ஊசி
கேள்வித்தாளில்தான் எனக்கு நம்பிக்கையில்லை. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்க, "உங்க மருமக சோகமா இருக்காங்களா கேளுங்க" என்று மொழிபெயர்க்கச் சொன்னால் வரும் பூஜ்யத்துக்கு என்ன மதிப்பு? தனியாகக் கேட்க வேண்டும். சிறுநீர் மாதிரி கொடுக்கப் போகும் நேரம் அதற்குத் தோது. 'மனச்சோர்வு' என்ற சொல்லுக்குப் பதில் வராது. "தலை பாரமா இருக்கு, எதுலயும் கை ஓடல" என்றுதான் சொல்வார்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே பேச்சில்தான் வரும், எனவே ரத்தம் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் நம்பக்கூடாது.

பட்டர்வொர்த்_ஆலோசனை
நாளையும் கவனியுங்கள். பிரசவமான மூன்றாம் ஐந்தாம் நாள் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மிஸ்ஸி (கிளினிக் தாதி) வீட்டுக்கு வருவது சுமார் 20ஆம் நாளோடு நின்றுவிடுகிறது. உண்மையான மனச்சோர்வு அதற்குப் பிறகும், முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும், தலைகாட்டும். பத்தியம் முடிந்து அம்மா ஊருக்குத் திரும்பியதும் வீடு வெறிச்சோடும் நேரம் அது. குழந்தைக்கு 2, 3, 5 மாதத் தடுப்பூசிக்குத் தாய் எப்படியும் கிளினிக் வருவார். குழந்தைக்கு ஊசி, தாய்க்குக் கேள்வித்தாள், ஒரே நாளில்.

பங்சார்_ஊசி
தடுப்பூசி நாள் யோசனையை ஏற்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை: 13 வந்தால் யாரைக் கூப்பிடுவது, அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்று தாளின் தலையிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 மனநல உதவி எண்ணையும் போடலாம், ஆனால் அது போதாது. நள்ளிரவில் நேரில் பார்க்கப்போவது யார்? அந்த வரி காலியாக இருக்கும்வரை நான் இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்ல மாட்டேன். வாயைத் திறக்கவைத்துவிட்டு "அடுத்த மாதம் வாங்க" என்று அனுப்புவது கேட்காமல் இருப்பதைவிடக் கொடுமை.

செந்தூல்_தாதி
அந்த வரி காலியாக இருக்கிறது என்பதே கேட்க ஆரம்பித்தால்தான் நிர்வாகத்துக்குத் தெரியும், தம்பி. மாதக் கூட்டத்தில் "இத்தனை பேர் 13ஐத் தொட்டார்கள், அனுப்ப இடமில்லை" என்று எண்ணோடு வைத்தால்தான் ஆள் கிடைக்கும். பத்தாவது கேள்விக்கு மட்டும் உங்கள் நிபந்தனையை அப்படியே ஏற்கிறேன். அதற்கு இரவு பகல் பெயர் எழுதாமல் தாளை வெளியே எடுக்கவே கூடாது.