ஜெர்மனிக்குப் புதுசா வந்தவங்களுக்கு: பிள்ளையோட வெளிய போறப்ப யாராவது வள்ளுனு விழுந்தா

நான் 2016ல மதுரைலேர்ந்து ஸ்டுட்கார்ட் பக்கம் வந்தேன், அப்ப மகளுக்கு மூணு வயசு. வந்து மூணாவது வாரம், நவம்பர் மாசம், சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிருச்சு, டிராம்ல அவ பசியும் தூக்கமும் சேந்து வீல்னு கத்துறா, நான் ஒரு கைல பை, ஒரு கைல ஸ்ட்ரோலர்னு நிக்குறேன், எதிர் சீட்ல இருந்த வயசான அம்மா ஒருத்தங்க என்னைய பாத்து கைய நீட்டி நீட்டி வேகமா ஏதோ சொன்னாங்க. எனக்கு அதுல கிண்ட்னு ஒரு வார்த்தைதான் புரிஞ்சுது, குழந்தைன்னு அர்த்தம். மொத்தப் பெட்டியும் என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு. நான் என்ன பண்ணேன்னா குனிஞ்சு மகளோட தொடைல கிள்ளி, வாய மூடுன்னு பல்லக் கடிச்சுகிட்டு சொன்னேன். அவ சட்டுனு நிறுத்திட்டா. வீட்டுக்கு வந்து ஷூவ கழட்டும்போது கேட்டா, "அம்மா அந்தப் பாட்டிக்கு என்னைய புடிக்கலயா? உனக்கும் புடிக்கலயா?"

அந்த ரெண்டாவது கேள்விக்காகத்தான் இவ்ளோ பெருசா எழுதுறேன். வெளியாளு ஒருத்தர் ஏதோ சொல்லிட்டாருங்கறதுக்காக, அவருக்கு நம்ம நல்ல அம்மா நல்ல அப்பான்னு காட்டுறதுக்காக, நம்ம பிள்ளைய அதட்டாதீங்க. நம்ம ஊர்ல வளந்த நமக்கு கை தானா அங்கதான் போகும், நாலு பேர் முன்னாடி மானம் போகுதேன்னு. அந்த நேரத்துல முகத்த பிள்ளை பக்கம் திருப்புங்க, குனிஞ்சு உக்காருங்க, அவ காதுல தமிழ்ல பேசுங்க, சொன்னவங்க அப்புறம். இத நான் கத்துக்கறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

இன்னொன்னும் சொல்லிடறேன், இங்க பிள்ளைய அடிக்கறது சட்டப்படியே தப்பு, 2000த்துலேர்ந்து பிள்ளைங்களுக்கு அடி உதை இல்லாம வளர உரிமை இருக்குன்னு சிவில் சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க, உடம்புல அடிக்கறது மட்டும் இல்ல, மனச நோகடிச்சு அவமானப்படுத்துறதும் அதுல வரும். அதனால சூப்பர்மார்க்கெட்ல நம்ம ஒரு தட்டு தட்டி அத பாத்து யாராவது நம்மகிட்ட வந்து சத்தம் போட்டா அத மரியாதைக்குறைவுன்னு எடுத்துக்காதீங்க. அவங்க பிள்ளை பக்கம் நிக்குறாங்க, அவ்ளோதான்.

சரி, யாரு எதுக்கு நம்மகிட்ட சிடுசிடுக்கறாங்கன்னு கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும், இல்லன்னா எல்லாத்துக்கும் நம்ம நிறம்தான் காரணம்னு நெனச்சு உள்ளுக்குள்ள வெந்துகிட்டே இருப்போம், இல்ல நிஜமாவே நிறத்துக்காக வர்றதையும் நம்ம தப்புதான்னு முழுங்கிடுவோம். ரெண்டுமே நான் பண்ணிருக்கேன்.

நிறைய தடவ விஷயம் விதிதான். நடைபாதைய ஒட்டி சைக்கிளுக்குன்னு தனிப் பாதை இருக்கும், ராட்வேக்னு சொல்வாங்க, சில ஊர்ல செவப்பு கலர்ல இருக்கும், ஸ்ட்ரோலரோட அதுல நின்னு போன் பாத்தீங்கன்னா மணிய அடிச்சு கத்திகிட்டே போவாங்க, அது எல்லாருக்கும் கிடைக்கற கத்துதான். சிக்னல் செவப்புல பிள்ளையோட ரோட்ட கடந்தா அபராதம் 5 யூரோதான், ஆனா நின்னு பாத்துகிட்டு இருக்கற பெரியவங்க உங்கள விடமாட்டாங்க, பிள்ளைங்க பாக்குறாங்க, பச்சை வந்தா மட்டும் கடங்கன்னு நிறைய கிராசிங்ல போர்டே இருக்கும். பஸ்ல ஸ்ட்ரோலருக்கு நடுக்கதவு, அங்க படம் போட்டிருக்கும், பிரேக் போட்டுட்டு நிக்கணும், வீல்சேர் வந்தா அவங்களுக்கு இடம் விடணும். தூரப் பயணத்துக்கு ஐசிஇ ரயில்ல டிக்கெட் போடறப்ப அமைதிப் பகுதியில சீட் விழுந்துட்டா மூணு மணி நேரம் நரகம், அதனால புக் பண்ணும்போதே க்ளைன்கிண்ட்அப்டைல்னு சின்னப் பிள்ளைங்க இருக்கற குடும்பத்துக்கு தனிப் பெட்டி அறை இருக்கும் அத பாருங்க, அது கிடைக்கலன்னா குடும்பப் பகுதி. அங்க பிள்ளை அழுதா பக்கத்துப் பிள்ளையும் அழும், யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க.

சத்தம்னதும் எல்லாரும் கேக்கறது ஞாயித்துக்கிழமை பத்தி. ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும், அப்புறம் ஞாயிறு முழுசும் அமைதி நேரம், சில அபார்ட்மெண்ட்ல மதியம் 1 மணிலேர்ந்து 3 மணி வரைக்கும் கூட எழுதி ஒட்டிருப்பாங்க. ஆனா அது டிரில்லிங் மெஷினுக்கும் பாட்டுச் சத்தத்துக்கும் தான் முக்கியமா. பிள்ளைங்க சத்தத்துக்கு தனியாவே சட்டம் திருத்திருக்காங்க, 2011ல, கீட்டாவுலேர்ந்தும் (ஸ்கூல் சேருறதுக்கு முன்னாடி சின்னப் பிள்ளைங்கள பகல்ல பாத்துக்கற இடம்) விளையாட்டு மைதானத்துலேர்ந்தும் வர்ற பிள்ளைங்க சத்தத்த பொதுவா தொந்தரவா எடுத்துக்கக் கூடாதுன்னு. அதனால பார்க்ல உங்க பையன் சறுக்குமரத்துல கத்துனதுக்கு பால்கனிலேர்ந்து ஒருத்தர் திட்டுனா கூனிக் குறுகி பிள்ளைய இழுத்துகிட்டு வீட்டுக்கு ஓடாதீங்க. நான் ஓடிருக்கேன். இப்ப ஓடமாட்டேன்.

அடுத்தது புத்திமதி கோஷ்டி. குளிர் 12 டிகிரி இருக்கும், பிள்ளை தலைல தொப்பி இல்லன்னா முன்னப்பின்ன தெரியாத பாட்டி நிறுத்தி "வோ இஸ்ட் டென் டீ ம்யூட்ஸெ?"ன்னு கேப்பாங்க, தொப்பி எங்கன்னு. குரல் கரடுமுரடா இருக்கும், எனக்கு மொதல்ல எல்லாம் திட்டு மாதிரியே கேக்கும். மொழி புரிய ஆரம்பிச்சப்புறம் தான் தெரிஞ்சுது, இது நம்ம ஊர்ல கோயில் வாசல்ல யாரோ ஒரு ஆச்சி, ஏம்மா பச்சப்புள்ளைக்கு வெயில்ல இப்படியா தலைய மூடாம தூக்கிட்டு வருவன்னு கேக்கறதேதான். டாங்கன்னு நன்றி சொல்லிட்டு நடந்துருங்க. அந்த டிராம் அம்மா கூட ஒருவேளை பிள்ளைக்குப் பசிக்குது பாருன்னு தான் சொல்லிருப்பாங்களோன்னு இன்னிக்கும் தோணுது எனக்கு.

நம்ம பழக்கவழக்கத்தப் பாத்து வர்ற பார்வை தனி. லீவுக்கு ஊருக்குப் போய் குலதெய்வம் கோயில்ல என் பையனுக்கு மொட்டை போட்டு காது குத்திட்டு திரும்பி வந்தோம், அடுத்த நாள் டிராம்ல ஒருத்தங்க அவனையே பாத்துகிட்டு இருந்துட்டு எறங்கும்போது என் கைய புடிச்சுகிட்டு கண் கலங்குறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. வீட்டுக்கு வந்தப்புறம் தான் உறைச்சுது, புள்ளைக்கு கேன்சர்னு நெனச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வரி கத்துக்கிட்டேன், "ஏர் இஸ்ட் கெஸுண்ட், தாஸ் இஸ்ட் பை உன்ஸ் ட்ராடிஸியோன்", அவன் நல்லா இருக்கான், இது எங்க வழக்கம்னு. கன்னத்துல வைக்கற திருஷ்டிப் பொட்ட அழுக்குன்னு நெனச்சு டிஷ்யூ எடுத்து நீட்டினாங்க ஒருத்தங்க, அதுக்கும் இதே வரிதான். காது குத்துனதுக்கு மட்டும் சிலர் முகம் சுளிப்பாங்க, கைக்குழந்தைக்கு வலிக்க வச்சுட்டியேன்னு நேராவே கேப்பாங்க, அதுல வாதாடி ஜெயிக்க முடியாது, விட்டுருங்க. கறிக்கடை கவுண்டர்ல பிள்ளைக்கு ஒரு துண்டு வூர்ஸ்ட், அதாவது சாஸேஜ், நீட்டுவாங்க, அது இங்க பிள்ளைங்களுக்கு குடுக்கற பாசம், சைவக் குடும்பமா இருந்தா பதறி கைய தட்டி விடாம "நைன் டாங்க, வீர் எஸ்ஸன் கைன் ஃப்ளைஷ்"னு சிரிச்சுகிட்டே சொல்லுங்க, நாங்க கறி சாப்பிடறதில்லன்னு.

இப்ப நிஜமாவே அசிங்கமா வர்றது. வருது, இல்லன்னு நான் பொய் சொல்லமாட்டேன். நானும் மகளும் தமிழ்ல பேசிகிட்டு பிளாட்பாரத்துல நிக்கறோம், ஒரு ஆளு கிட்ட வந்து இது ஜெர்மனி, இங்க ஜெர்மன்ல பேசுன்னு கத்துனான், அப்புறம் தோல் நிறத்த சொல்லி ஒரு வார்த்தை. மக என் கோட்டுக்குள்ள மூஞ்சிய பொதைச்சுகிட்டா. ரோட்ல என்ன மொழில பேசணும்னு இங்க எந்தச் சட்டமும் இல்ல, எங்க கீட்டா டீச்சரே வீட்ல தமிழ்லயே பேசுங்கன்னு தான் திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க. அத அந்தாளுகிட்ட விளக்கிகிட்டு இருக்க முடியுமா, முடியாது, வேண்டாம்.

அப்ப என்ன பண்ணனும்னா, மொதல்ல பிள்ளைய உங்க உடம்புக்கு அந்தப் பக்கம் கொண்டு வாங்க, அந்தாளுக்கும் உங்களுக்கும் நடுவுல தூரத்த கூட்டுங்க, கூட்டமா இருக்கற பக்கமோ டிரைவர் பக்கமோ போங்க. பேசினா ஒரே வரி, சத்தமா, "லாஸ்ஸன் ஸீ உன்ஸ் இன் ரூஹெ", எங்கள விடுங்கன்னு. இதுல அந்த ஸீ முக்கியம், நம்ம தமிழ்ல நீங்க மாதிரி, அவன் நீ வா போன்னு பேசினாலும் நீங்க ஸீ போட்டுதான் பேசணும், ஏன்னா அப்பதான் சுத்தி நிக்கறவங்களுக்கு இது புருஷன் பொண்டாட்டி சண்டை இல்ல, யாரோ தெரியாதவன் வம்பு பண்றான்னு புரியும். அப்புறம் உதவின்னு பொதுவா கத்துனா எல்லாரும் இன்னொருத்தர் போவாருன்னு நிப்பாங்க, அதனால ஒருத்தர குறிச்சு கூப்பிடுங்க, நீல ஜாக்கெட் போட்ட நீங்க, எனக்கு உதவி பண்ணுங்கன்னு. பக்கத்துல நிக்கறவங்கள நேரா பாத்து உதவிக்கு கூப்பிடுங்கன்னு இங்க போலீஸே மக்களுக்குச் சொல்லிக்குடுக்கற முறை இது. எனக்கு அன்னிக்கு ஸ்கூல் பையோட நின்ன ஒரு பதினாறு வயசுப் பொண்ணுதான் வந்து பக்கத்துல நின்னா, ஒண்ணுமே பேசல, ரயில் வர்ற வரைக்கும் நின்னா.

போலீஸ் நம்பர் 110. மிரட்டினா, கைய வச்சா, யோசிக்காம அந்த நம்பருக்கு போன் பண்ணுங்க. வெறும் திட்டா இருந்தாலும் பெலைடிகுங்னு இங்க குற்றச் சட்டத்துல 185வது பிரிவு இருக்கு, ஒருத்தர இழிவா பேசறதே குற்றம், அபராதமோ ஜெயிலோ வரைக்கும் போகும். ஆனா போலீஸ் தானா எடுக்காது, நடவடிக்கை எடுங்கன்னு நீங்க கேக்கணும், ஆளு யாருன்னு தெரிஞ்சதுலேர்ந்து 3 மாசத்துக்குள்ள. அதே சட்டம் நமக்கும் தான், கோவத்துல நடுவெரல காட்டிட்டா, ஒரு கெட்ட வார்த்தை விட்டுட்டா, புகார் குடுக்கறது அவனா இருப்பான். போன தூக்கி வீடியோ எடுக்கற பழக்கமும் இங்க ஆபத்து, ஒருத்தர் பேசறத அவருக்குத் தெரியாம பதிவு பண்றதே குற்றமா முடியலாம், மூஞ்சிய போட்டு வாட்ஸாப்ல பரப்பினா இன்னும் மோசம். அதுக்குப் பதிலா உடனே தமிழ்லயே எழுதி வச்சுக்கோங்க, என்ன டைம், எந்த லைன், எந்த ஸ்டாப், எப்படி இருந்தான், என்ன சொன்னான், கூட நின்னவங்க நம்பர். கடைலயோ ஹோட்டல்லயோ வாடகை வீடு பாக்கப் போன எடத்துலயோ நிறத்துக்காக ஒதுக்கினாங்கன்னா அதுக்கு வேற சட்டம், 2006லேர்ந்து இருக்கு, அதே வருஷம் ஆரம்பிச்ச அன்டிடிஸ்க்ரிமினியரூங்ஸ்டெல்லென்னு ஒரு மத்திய அரசு அலுவலகத்துல காசு இல்லாம ஆலோசனை குடுப்பாங்க. நாள் கடத்தாம கேளுங்க.

எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் பிள்ளைகிட்ட பேசறத தள்ளிப் போடாதீங்க, அதான் பெரிய வேலை. அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு நம்ம மூடிருவோம், பிள்ளை ராத்திரி முழிச்சுகிட்டு கெடக்கும். பிளாட்பாரத்து விஷயத்துக்கு அப்புறம் நான் மகள மடில வச்சுகிட்டு சொன்னேன், அந்த மாமா பண்ணது தப்பு, நீ ஒரு தப்பும் பண்ணல, தமிழ் தப்பு இல்ல, நம்ம கலர் தப்பு இல்ல, அம்மாவுக்கும் பயமா இருந்துச்சு, ஆனா அம்மா உன்ன புடிச்சுகிட்டேன். அவ ரொம்ப நேரம் கழிச்சு அந்த ஸ்கூல் பை அக்கா பேர் என்னன்னு கேட்டா. ஒரு வாரம் கழிச்சு டிராம்ல போறப்ப குரல கொறச்சு அவ எங்கிட்ட ஜெர்மன்ல பேச ஆரம்பிச்சா, எனக்கு நெஞ்சடைச்சுருச்சு. திட்டல, தமிழ்லயே பதில் சொல்லிகிட்டே வந்தேன், மெதுவா ரெண்டு மாசத்துல திரும்ப வந்துட்டா. கீட்டாலயும் சொல்லி வைங்க இந்த மாதிரி நடந்துச்சுன்னு, அவங்க பிள்ளைய கவனிச்சுப் பாப்பாங்க.

இலங்கைத் தமிழ் அக்காங்க இங்க எம்பதுகள்லேர்ந்து இருக்காங்க, அவங்க பட்டதுக்கு முன்னாடி நம்மளது ஒண்ணுமே இல்ல, ஆனா அவங்க தான் எனக்கு ரொம்ப தைரியம் குடுத்தாங்க. ஹம் ஊர்ல இருக்கற காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஒரு தடவயாவது பிள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க, தேர்த் திருவிழா அன்னிக்கு ஜெர்மன் ரோட்ல தேர் வர்றதையும் ஜெர்மன்காரங்க ஓரமா நின்னு பாக்கறதையும் பிள்ளை பாக்கட்டும்.

அப்புறம், போன வாரம் எங்கிட்ட பேசின தங்கச்சி, வீட்டுக்காரர் வெளியவே போகாதன்னு சொல்றாருன்னு சொன்னியே, வீட்லயே அடைஞ்சு கெடக்காதம்மா, டிசம்பர் இருட்டுல அது உன்னையும் பிள்ளையையும் சேத்து அமுக்கிரும். மொதல்ல காலைல பத்து மணிக்கு மேல கூட்டம் இல்லாத டிராம்ல ரெண்டு ஸ்டாப் போய்ட்டு வா. படிக்கட்டுல ஸ்ட்ரோலர தூக்க முடியலன்னா பக்கத்துல போறவங்கள பாத்து கேளு, முகம் இறுக்கமா இருக்கும், கேட்டா வந்து முன்சக்கரத்த புடிச்சுருவாங்க, எனக்கு கூப்பிட்டு வராதவங்க ரொம்பக் கம்மி. தவழற பிள்ளைங்களுக்கு க்ராபல்க்ரூப்பென்னு அம்மாங்க கூடற குழு நிறைய ஊர்ல இருக்கு, சர்ச் ஹால்ல, கம்யூனிட்டி செண்டர்ல நடக்கும், மதம் எல்லாம் கேக்கமாட்டாங்க. எங்க ஏரியாவுல புதன்கிழமை ஒம்பதரைக்கு. தனியா போக கூச்சமா இருந்தா சொல்லு, ஸ்டாப்லேர்ந்து நான் கூட்டிட்டுப் போறேன்.