அரிச்சல்முனை வெளிச்சமும் மாஸ்க் ஓரமும்: ஆல்பம் வேலை செய்பவர்களின் அனுபவப் பகிர்வு

மண்டபத்திலிருந்து:

தனுஷ்கோடி நுனியான அரிச்சல்முனையில் எடுத்து, ஆல்பத்துக்காகப் போட்டோஷாப்பில் பின்னணி மாற்றும் ஜோடிப் படங்களில் பாதிக்கு மேல் ஒரே கோளாறுதான். காற்றில் பறக்கும் முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு. உச்சி வெயிலில் அங்கே வானம் நீலமாக விழாது, பால் வெள்ளையாக விழும். செலக்‌ஷன் எவ்வளவு நுணுக்கமாகப் போட்டாலும் ஓரப் பிக்சலில் பாதி முடி, பாதி வானம். பின்னணியை மாற்றும்போது அந்தப் பாதி வானமும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

பறக்கும் இழைகளை வெட்டவே வேண்டாம். புதுப் பின்னணிக்கு மேல் அதே படத்தை இரண்டு லேயராக (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்) வையுங்கள். மேல் லேயரின் கலப்பு முறை நார்மல். அதன் மாஸ்க்கில் (வெள்ளை உள்ள இடம் தெரியும், கறுப்பு உள்ள இடம் மறையும்) முகம், உடம்பு, கொண்டை வரை வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. அதற்கு அடியில் உள்ளதை மல்டிப்ளையில் போட்டு, ஆல்ட் பிடித்துக்கொண்டு மாஸ்க் பட்டனை அமுக்குங்கள். முழுக் கறுப்பு மாஸ்க் வரும். அதில் இழைகள் உள்ள இடத்தில் மட்டும் மெத்தென்ற வெள்ளை பிரஷ்.

கணக்கு எளிது. பிக்சலின் வெளிச்சம் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை. மல்டிப்ளை மேல் பிக்சலைக் கீழ்ப் பிக்சலால் பெருக்கி 255 ஆல் வகுக்கிறது. வானம் 255 என்றால் புதுப் பின்னணி அப்படியே நிற்கும். முடி 30, பின்னணி 200 என்றால் 24 வரும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும். ஆனால் பழைய வானம் 230 தான் என்றால் 200 குறைந்து 180 ஆகி, தலையைச் சுற்றி அழுக்குப் படலம் மாதிரி தெரியும். பலரும் இங்கேதான் 'இந்த முறை சரிவராது' என்று விட்டுவிடுகிறார்கள். மல்டிப்ளை லேயரின் மேல் ஒரு லெவல்ஸ் (வெளிச்ச அளவைத் திருத்தும் லேயர்) வைத்து, ஆல்ட் கன்ட்ரோல் ஜி போட்டு அதனோடு மட்டும் கட்டிவிடுங்கள். வலது முக்கோணத்தை 230க்கு இழுத்தால் படலம் போய்விடும்.

வெயில் பட்டுத் தங்கமாக மின்னும் இழைக்கு இது ஆகாது, வானத்தோடு சேர்ந்து அதுவும் மறைந்துவிடும். இருட்டான பின்னணிக்கும் ஆகாது.

பாம்பனிலிருந்து:

மண்டபம் அண்ணன் முடியைச் சொல்லிவிட்டார். நான் படகுக் கயிற்றையும் தண்ணீரையும் சொல்கிறேன்.

விசைப்படகின் கயிறு, வலை, கொடிக்கம்பம் இதையெல்லாம் பிரஷ் வைத்து மாஸ்க் பண்ண உட்கார்ந்தால் விடிந்துவிடும். சேனல்ஸ் பக்கம் போய் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். வானத்துக்கும் படகுக்கும் எதில் வித்தியாசம் அதிகமோ அதைக் காப்பி எடுங்கள். பெரும்பாலும் நீல சேனல்தான். படகே நீலப் பெயின்ட் என்றால் சிவப்பைப் பாருங்கள். காப்பியில் லெவல்ஸ் போட்டு வானத்தை வெளுக்க வையுங்கள், ஆனால் கயிறு அறுந்து புள்ளிப் புள்ளியாகும் அளவுக்கு இழுக்காதீர்கள். மிச்சத்தை ஓவர்லே மோடில் வைத்த பிரஷ் முடிக்கும். அதில் வெள்ளை பூசினால் வெளிர் சாம்பல் மட்டும் வெளுக்கும், சுத்தக் கறுப்பைத் தொடாது. பிறகு கன்ட்ரோல் பிடித்துச் சேனலைச் சொடுக்கி, அந்த செலக்‌ஷனைப் புது வானத்துக்கு மாஸ்க்காக்குங்கள்.

வானம் மாறினால் கடலும் மாறியாக வேண்டும். மேலே செவ்வானமும் கீழே நண்பகல் பச்சைத் தண்ணீரும் இருந்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலே உள்ள நிறத்தை எடுத்து ஒரு லேயரில் நிரப்பி, சாஃப்ட் லைட் கலப்பு முறையில், ஒபாசிட்டி (அடர்த்தி) 20 சதவீதத்தில் தொடங்குங்கள். மாஸ்க்கில் கிரேடியன்ட்: தொடுவானத்தில் வெள்ளை, காலடியில் கறுப்பு. தூரத்துத் தண்ணீரைச் சாய்வாகப் பார்ப்பதால் அது வானத்தை அதிகம் காட்டும். காலடித் தண்ணீரில் மணல்தான் தெரியும். வானத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பிம்பம் காட்டுவது பாக் நீரிணைப் பக்கம் அலையடங்கிய பெண் கடலுக்குப் பொருந்தும். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடலின் அலையில் அப்படி ஒரு பிம்பம் விழவே விழாது.

இன்னொன்று. தொடுவான ஓரத்தைக் கத்தி மாதிரி விடாதீர்கள். உப்புக் காற்றின் மங்கல் எப்போதும் இருக்கும். 24 மெகாபிக்சல் படத்தில் படகு ஓரத்துக்கு அரை பிக்சல் ஃபெதர் (ஓரத்தை மெத்தென்று ஆக்கும் அளவு) போதும், தொடுவானத்துக்கு இரண்டு மூன்று பிக்சல் வேண்டும். ஒரே மாஸ்க்கில் இரண்டு ஓரமும் வரும்போது மொத்தத்துக்கும் ஒரே ஃபெதர் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

ராமேஸ்வரத்திலிருந்து:

1964 புயலில் இடிந்த தனுஷ்கோடி தேவாலயத்தை ஆளில்லாமல் எடுக்கப் பகலில் வாய்ப்பே இல்லை. டிரைபாடில் வைத்து, எக்ஸ்போஷரை மேனுவலில் பூட்டி, அரை நிமிடத்துக்கு ஒன்றாக 11 அல்லது 15 படம். போட்டோஷாப்பில் ஃபைல், ஸ்கிரிப்ட்ஸ், லோட் ஃபைல்ஸ் இன்டு ஸ்டேக். அலைன் பண்ணுவது, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்குவது, இரண்டு கட்டத்தையும் டிக் செய்யுங்கள். அதன்பின் லேயர் மெனுவில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்ஸ், ஸ்டேக் மோட், மீடியன் (ஒவ்வொரு இடத்திலும் எல்லாப் படங்களின் நடு மதிப்பை எடுப்பது). நடந்து போகிறவர்கள் மறைந்துவிடுவார்கள். பாதிப் படங்களுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும் சங்கு, பாசி வியாபாரி மறையமாட்டார். எந்தப் படத்தில் அவர் நகர்ந்திருக்கிறாரோ அதை மேலே வைத்து, கறுப்பு மாஸ்க்கில் அந்த இடத்தை மட்டும் வெளுக்க வேண்டும்.

மீடியன் கடலைக் கண்ணாடி மாதிரி மழுக்கிவிடும், மேகத்தையும் கலைத்துவிடும். ஆகவே வானமும் தண்ணீரும் ஒற்றைப் படத்திலிருந்துதான் வர வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட படத்தைப் பார்த்ததும் ஏதோ செத்த மாதிரி இருக்கும்.

கீழக்கரையிலிருந்து:

அச்சுக்குப் போகும் ஃபைல் பற்றி மட்டும். மல்டிப்ளை, சாஃப்ட் லைட் உள்ள ஃபைலை லேயரோடு சிஎம்ஒய்கே (அச்சு மை நிறமுறை) ஆக்கினால் நிறம் மாறும், ஏனென்றால் பெருக்கல் வேறு எண்களில் நடக்கிறது. லேயர் ஃபைலை ஆர்ஜிபியிலேயே (திரை நிறமுறை) பத்திரமாக வைத்துக்கொண்டு, காப்பியை ஃபிளாட்டன் செய்து (எல்லா லேயரையும் ஒன்றாக்கி) அதை மாற்றுங்கள்.

ஃபிளாட்டன் செய்வதற்கு முன் ஒவ்வொரு மாஸ்க்கையும் ஆல்ட் பிடித்துச் சொடுக்கிக் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். கறுப்புக்குள் பிரஷ் படாமல் விட்ட சாம்பல் திட்டுகள் அப்போதுதான் கண்ணில் படும். ஸ்க்ரீனில் தெரியாத 5 சதவீதத் திட்டு, 12க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட்டின் வெளிர் வானத்தில் விரல் ரேகை மாதிரி நன்றாகவே தெரியும்.